சண்டை நின்றுபோன பவளத்திட்டு: கடல் சூடானால் மீன்களின் குணம் மாறுமா?

#1 நீலத்திரை

பட்டாம்பூச்சி மீன்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலம், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள், பெரும்பாலும் ஜோடியாகவே சுற்றும். பார்வைக்குச் சாதுதான். ஆனால் இவற்றில் பவளத்தை மட்டுமே தின்னும் இனங்கள் பொல்லாத சண்டைக்காரர்கள். ஒரு கொத்துப் பவளத்தைத் தமதென்று வைத்துக்கொண்டு, அதை நெருங்கும் மற்ற பட்டாம்பூச்சி மீன்களை விரட்டியடிக்கும்.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாலி கீத்தும் அவருடைய குழுவினரும் ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கிறிஸ்துமஸ் தீவு ஆகிய இடங்களில் 17 பவளத்திட்டுகளில் இந்தச் சண்டைகளைக் கவனித்துக் கணக்கெடுத்துவந்தார்கள். மொத்தம் 38 இனங்கள். பவள வெளுப்பை, அதாவது கடல் சூடானதில் பவளம் நிறமிழந்து வெளிறிப்போவதை (நீடித்தால் செத்தே போகும்), ஆராய்வது அவர்கள் நோக்கமே இல்லை. நடுவில் 2016ஆம் ஆண்டின் பெரும் வெளுப்பு வந்துவிட்டது. விடாமல் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய் அதே கணக்கை மறுபடி எடுத்தார்கள். சண்டை மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. பவளம் அதிகமாகச் செத்த திட்டுகளில்தான் அமைதியும் அதிகம். ஆய்வு 2018இல் வெளியானது.

ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ள திட்டுகளில், வெவ்வேறு இனங்கள், ஒரே திசையில் மாறியிருக்கின்றன என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. என் கேள்வி: சண்டை குறைந்தது அந்த மீன்களுக்கு நல்லதா, கெட்டதா? வெப்பம்தான் காரணமா, வேறு ஏதாவதா?

#2 மீன்தொட்டி

என் வீட்டு அனுபவம் இதற்கு நேர் எதிர். உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், சென்னையில். சித்திரை மாதத்தில் மின்சாரம் போய்க் குளிர்விக்கும் கருவி நின்றால் 26 பாகையில் இருக்கும் நீர் 30ஐத் தாண்டிவிடும். அப்போது டாம்செல் என்ற சிறு பவளத்திட்டு மீன்கள் போடும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றின் வால் ஒன்றுக்கு மிஞ்சாது. கருவி மறுபடி ஓடி நீர் ஆறிய பிறகுதான் அடங்கும். சூடு மீனைச் சாந்தமாக்கும் என்றால் நான் நம்ப மாட்டேன்.

#3 கடல்மாணவி

நீங்கள் இருவரும் சொல்வதும் சரி. ஆனால் இரண்டும் வெவ்வேறு சங்கதி.

பெரும்பாலான மீன்கள் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்வதில்லை. நீர் எவ்வளவோ, உடலும் அவ்வளவு. நீர் சூடானால் உடலுக்குள் நடக்கும் எல்லா வேலையும் வேகமாகும். பசி கூடும், ஆக்சிஜன் தேவை கூடும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் உள்ள லிசார்ட் தீவில் டாம்செல் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2010இல் வெளியானது. ஒரே நாளுக்குள் மூன்று பாகைக்கும் குறைவாக நீர் சூடானதற்கே பல குஞ்சுகள் முன்பைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பாகவும் துணிச்சலாகவும் ஆகிவிட்டன. எல்லாமும் அல்ல, கவனியுங்கள். சில குஞ்சுகள் அசைந்துகொடுக்கவே இல்லை. அதாவது குளிர்ந்த நீரில் துணிச்சல்காரன் யார், பயந்தாங்கொள்ளி யார் என்று நாம் வரிசைப்படுத்தி வைத்தால், சூடான நீரில் அந்த வரிசையே மாறிவிடுகிறது. மீன்தொட்டி ஐயா பார்த்தது இந்த வகை.

பட்டாம்பூச்சி மீன்களின் கதை வேறு. அங்கே வெப்பம் மீனை நேரடியாக மாற்றவில்லை, பவளத்தைக் கொன்றது. குறிப்பாக அக்ரோபோரா என்ற கிளைப்பவளம். பட்டாம்பூச்சி மீன்களுக்கு அதுதான் சத்தான சாப்பாடு, வெப்பத்தில் முதலில் சாவதும் அதுதான். அது போனபின் சத்துக் குறைந்த பவளத்தைக் கொறித்துக்கொண்டு நெடுந்தூரம் அலைய வேண்டும். துரத்துவதற்கு உடலில் தெம்பும் இல்லை, காத்துக்கொள்ளத் தகுந்த சொத்தும் இல்லை. வரப்புத் தகராறு விளையும் நிலத்துக்குத்தான் வரும், தரிசுக்கு வராது.

உங்கள் தொட்டியில் நீர் சூடானாலும் தீவனம் தவறாமல் விழுகிறது. அதனால் வெப்பத்தின் முதல் விளைவு மட்டும் தெரிகிறது. கடலில் முதலில் சூடு, சில மாதம் கழித்துப் பட்டினி.

#4 நீலத்திரை

அப்படியானால் அது சமாதானம் இல்லை, சோர்வு.

#5 கடல்மாணவி

சோர்வு மட்டுமா என்றால், குழப்பமும் சேர்ந்திருக்கிறது. அதே குழுவின் பின்னாள் ஆய்வு ஒன்று உண்டு. இந்த மீன்கள் எடுத்த எடுப்பில் பாய்வதில்லை. முதுகு முள்ளை நிமிர்த்தி, தலையைத் தாழ்த்தி, 'வராதே' என்று எச்சரிக்கும். எதிரி புரிந்துகொண்டு விலகினால் இருவருக்கும் சேதமில்லை. வெளுப்புக்கு முன் வெவ்வேறு இன மீன்கள் எதிர்ப்பட்டபோது ஏறக்குறைய 28 விழுக்காடு சந்திப்புகள் இப்படி எச்சரிக்கையிலேயே முடிந்தன. பவளம் செத்தபின் அது 10 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஆக, சண்டை மொத்தத்தில் குறைந்தாலும், நடக்கிற கொஞ்சச் சண்டையில் எச்சரிக்கை இல்லாத துரத்தலின் பங்கு கூடியிருக்கிறது. இருக்கிற தெம்பும் வீண்.

எனக்குத் தோன்றும் காரணம்: யார் போட்டியாளர் என்று பழகியறிந்த கணக்கு, உணவு மாறியதும் செல்லாமல் போகிறது. புதிய அண்டைவீட்டாரோடு பழகுவதற்குள் அடுத்த வெப்ப அலை வந்து நிற்கிறது. உலகளாவிய வெளுப்பு 1998இல் ஒன்று, 2010இல் ஒன்று, 2014 முதல் 2017 வரை ஒன்று. நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

#6 சந்தேகப்பிராணி

நல்ல கதைகள்தாம். பவளத்திட்டு மீன்களின் நடத்தை பற்றிய ஆய்வு என்றாலே எனக்குக் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்கிறது. 2009இல் என்ன சொன்னார்கள்? கடல் அமிலமானால் கோமாளி மீன் குஞ்சு மோப்பத்தை இழந்து எதிரியை நோக்கியே நீந்தும் என்றார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தி. 2020இல் வேறொரு குழு 'நேச்சர்' இதழில், பல இனங்களை வைத்து மூன்றாண்டு அதே சோதனைகளைச் செய்து பார்த்தோம், அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியது. 2022இல் 'சயன்ஸ்' இதழ் தான் 2014இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெற்றது. இப்போது அமிலத்துக்குப் பதில் வெப்பம். நாளைக்கு என்ன?

#7 நீலத்திரை

அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

#8 சந்தேகப்பிராணி

மீனின் மனசைப் படிக்கிறோம் என்று சொல்லும் துறை ஒன்றேதான். அந்தத் தொடர்பு.

#9 கடல்மாணவி

கேள்வி நியாயமானது. எங்கள் வகுப்பிலும் அந்த விவகாரம் பாடமாகவே வந்தது. ஆனால் மூட்டையோடு தூக்கி எறியக் கூடாது.

அமில விவகாரத்தில் சிக்கல் எங்கே இருந்தது? குஞ்சு மீனை இரண்டு நீரோட்டம் ஓடும் சிறு தொட்டியில் விட்டு, எந்தப் பக்கம் எத்தனை வினாடி இருந்தது என்று கண்ணால் பார்த்து எழுதுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு, நூற்றுக்கு நூறு என்று நம்ப முடியாத அளவுக்கு விளைவு வந்தது. மறுபடி செய்தவர்கள் எல்லாவற்றையும் காணொளியில் பதிவு செய்தார்கள். விளைவு காணாமல் போயிற்று.

வெப்பத்தின் கதை அப்படி ஒரே சோதனையில் தொங்கவில்லை. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும் என்பதும், மீனின் தேவை கூடும் என்பதும் யார் அளந்தாலும் வரும். நிலநடுக்கோட்டுக்கு அருகே, பப்புவா நியூகினியில், மீன்களின் மூச்சையே அளந்து பார்த்தார்கள். அங்குள்ள பல இனங்கள் இப்போதே தங்களுக்கு உகந்த வெப்பத்தின் உச்சியில் வாழ்கின்றன; இன்னும் இரண்டு மூன்று பாகை கூடினால் நீந்த, ஓட, இனம்பெருக்க மிச்சமிருக்கும் தெம்பு சரிகிறது. வெப்பம் ஆண்டு முழுவதும் மாறாத இடத்தில் வாழ்வதால் தாங்கும் இடைவெளி குறுகியது. குளிர்நாட்டு மீனுக்கு இருக்கும் நெளிவுசுளிவு இவற்றுக்கு இல்லை.

பட்டாம்பூச்சி மீன் ஆய்வும் தொட்டியில் நடந்ததில்லை. கடலுக்குள் ஒரு மீனின் பின்னாலேயே நீந்தி, யார் யாரைத் துரத்தினார் என்று எழுதியது. வெளுப்புக்கு முந்தைய கணக்கு கையில் இருந்தது. வேண்டிய முடிவை முன்கூட்டியே நினைத்துக்கொண்டு போயிருக்க முடியாது, ஏனென்றால் வெளுப்பு வரப்போவது அவர்களுக்கே தெரியாது.

#10 சந்தேகப்பிராணி

கடைசிப் பத்தியை ஏற்கிறேன். மற்றதைப் படித்துவிட்டு வருகிறேன்.

#11 நெறியாளர்

அமிலத்தன்மை பற்றிய வாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே வெப்பத்தோடு நிற்போம்.

#12 பார்க்காரன்

நான் ராமநாதபுரம் கரை. அப்பாவுக்கும் எனக்கும் கடல்தான் தொழில். நீங்கள் பவளத்திட்டு என்று சொல்வதை நாங்கள் பார் என்போம். பட்டாம்பூச்சி மீன் எங்களுக்கு விலைபோகாது, வலையில் வந்தால் எடுத்து எறிவோம், அதனால் அது சண்டை போட்டால் என்ன, சும்மா இருந்தால் என்ன. களவாயைப் பற்றிப் பேசுங்கள். விளமீனைப் பற்றிப் பேசுங்கள்.

சித்திரை, வைகாசியில் காற்று விழுந்து கடல் கண்ணாடியாகக் கிடக்கும்போது மேட்டுப் பாரில் களவாய் தூண்டில் எடுக்காது. ஆழப் பாருக்குப் போக வேண்டும், அல்லது விடியுமுன் போட வேண்டும். இதைச் சொல்ல ஆய்வு வேண்டாம், எங்கள் தாத்தா சொன்னார். ஆனால் முன்பு அது ஒரு மாதக் கதை. இப்போது நீள்கிறது.

இன்னொன்று. 2016இல் பவளம் வெளுத்துச் செத்தது என்று எல்லோரும் அழுதார்கள். அதன்பின் எங்கள் பக்கம் ஓரா குறையவில்லை, கிளி மீன் குறையவில்லை. பவளம் போனால் மீன் போகும் என்பது முழுக்க உண்மை இல்லை.

#13 கடல்மாணவி

அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டுக்கும் ஆய்வு இருக்கிறது, உங்கள் தாத்தாவுக்குப் பல ஆண்டு பிந்தி.

களவாய் முதலில். ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் களவாய் வகையைச் சேர்ந்த பவளக் களவாயை 24, 27, 30, 33 பாகை நீரில் வைத்துப் பார்த்தார்கள். சூடு கூடக் கூட அது நீந்துவதைக் குறைத்துத் தரையில் படுத்துக் கிடக்கும் நேரம் கூடியது. டாம்செல் குஞ்சு சூட்டில் துள்ளியது என்று மேலே சொன்னேன். பெரிய களவாய்க்குத் துள்ள வழியில்லை. உடல் பெரிது, ஆக்சிஜன் தேவை பெரிது. எல்லையை நெருங்கியதும் அசையாமல் கிடந்து மிச்சம்பிடிக்கிறது. தூண்டிலை எடுக்காததற்கும் இடம்பெயர்வதற்கும் இது ஒத்துவருகிறது.

ஓரா, கிளி மீன் பற்றி: இரண்டும் பாசி தின்பவை. பவளம் செத்த இடத்தில் பாசி படரும், சில காலம் அவற்றுக்கு விருந்து. செஷல்ஸ் தீவுகளில் 1998 வெளுப்பில் பவளத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. அதன்பின் இருபது ஆண்டுப் பிடிப்பைக் கணக்கிட்டால், கூண்டில் விழும் மீன் மொத்தத்தில் குறையவில்லை, ஓராவால் கூடவும் செய்தது. ஆனால் ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று பிடிப்பு நிலைகொள்ளாமல் ஆடுகிறது. இது ஒரு பக்கம். மன்னார் வளைகுடாவில் 2016இல் உயிர்ப்பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியது. செத்த கிளைகள் நின்றுகொண்டிருக்கும்வரை மீனுக்கு ஒளிய இடம் இருக்கும். அவை நொறுங்கிக் கல்லாகச் சரிந்தபின்தான் அடுத்த கட்டம் தெரியும்.

#14 நீலத்திரை

அந்த அடுத்த கட்டம் லட்சத்தீவில் தெரிகிறது. அங்கே மயில்களவாய் என்று சொல்லத்தக்க, உடலெல்லாம் நீலப் புள்ளி போட்ட ஒரு களவாய் இனம் உண்டு. நன்றாக இருக்கும் திட்டில் அது பதுங்கி வேட்டையாடும். பவளத்தின் நிழலில் அசையாமல் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். பவளம் நொறுங்கித் தட்டையாகிப்போன திட்டுகளில் அதே இனம் பதுங்குவதை விட்டுவிட்டு, பெரிய எல்லைக்குள் சுற்றித் திரிந்து இரை தேடுகிறது. ருச்சா கார்க்கரே, ரோகன் ஆர்தர் குழுவினர் 2017இல் எழுதியது. பதுங்கும் வேட்டைக்காரன் அலையும் வேட்டைக்காரனாக மாறியிருக்கிறான். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: மாறத் தெரிந்ததால் பிழைத்திருக்கிறது.

லட்சத்தீவில் பவளப் பரப்பு 1998இல் ஏறத்தாழ 37 விழுக்காடு, 2022இல் ஏறத்தாழ 20 விழுக்காடு.

#15 பார்க்காரன்

பதுங்குகிற மீன் அலைந்தால் எங்களுக்கு லாபம் என்று நினைக்காதீர்கள். கல்லுக்குள் இருக்கும் களவாய்க்கு இடம் தெரியும், அடுத்த நாளும் போய்ப் போடலாம். அலைகிற மீனை எங்கே தேடுவது?

#16 சந்தேகப்பிராணி

படித்துவிட்டு வந்தேன். மாறத் தெரிந்ததால் பிழைத்தது என்கிறீர்களே, அதையே நீட்டிக் கேட்கிறேன். மீன்கள் பழகிக்கொள்ளும் என்றால் இவ்வளவு பதற்றம் எதற்கு?

#17 கடல்மாணவி

சில பழகும், ஓரளவுக்கு. முள்வாலிக் குரோமிஸ் என்று ஒரு டாம்செல் இனம். குஞ்சைப் பெற்றோரே கூட வைத்து வளர்க்கும், அதனால் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கலாம். 2012இல் வெளியான சோதனையில், சூடான நீரில் வளர்ந்த பெற்றோருக்குப் பிறந்த குஞ்சுகள் அதே சூட்டில் மூச்சுத் திணறாமல் சமாளித்தன. பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆனால் சூட்டில் வளரும் குஞ்சுகளில் பெண் குறைந்துபோகும் என்ற சிக்கல் இருந்தது. ஒன்றரைப் பாகை உயர்வு என்றால் தலைமுறைப் பழக்கம் அதைச் சரிசெய்துவிட்டது; மூன்று பாகையில் முடியவில்லை.

#18 மீன்தொட்டி

கோமாளி மீன் சுருங்குகிறது என்று 2025இல் செய்தி வந்ததே. மெலிகிறது என்பதா, நீளமே குறைகிறது என்பதா? எலும்புள்ள பிராணி எப்படிக் குட்டையாகும்?

#19 கடல்மாணவி

நீளமே குறைகிறது. பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில், நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெலிசா வெர்ஸ்டீக்கும் மற்றவர்களும் 2023 வெப்ப அலையின்போது 134 கோமாளி மீன்களை ஐந்து மாதம் அளந்தார்கள். ஒவ்வொன்றையும் கடலுக்குள்ளேயே பிடித்து, அளவெடுத்து, அதன் கடற்சாமந்தியிலேயே (அது குடியிருக்கும், பூப்போன்ற கடல் உயிரி) விட்டுவிடுவது. நான்கில் மூன்று பங்கு மீன்கள் ஒருமுறையாவது நீளம் குறைந்தன. சுருங்கியவை வெப்பத்தில் பிழைக்கும் வாய்ப்பு 78 விழுக்காடு வரை கூடியது.

இதிலும் நடத்தை இருக்கிறது. கோமாளி மீன் குடும்பத்தில் பதவி அளவைப் பொறுத்தது. எல்லாவற்றிலும் பெரியது பெண், அடுத்தது அவள் ஆண், அதற்குக் கீழே வரிசையில் காத்திருக்கும் சிறியவை. கீழே இருப்பது மேலே இருப்பதன் அளவை நெருங்கினால் அடிதடி, வெளியேற்றம். அப்படியிருக்க ஒன்று மட்டும் சுருங்கினால் என்ன ஆகும்? ஜோடி சேர்ந்தே சுருங்கியபோது பிழைப்பு நன்றாக இருந்தது. பதவி வரிசை கெடாமல் இருவரும் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

#20 நீலத்திரை

கோமாளி மீனைப் பற்றி இன்னொன்று. பிரெஞ்சுப் பொலினீசியாவின் மோரியாத் தீவில் 2016இல் சாமந்திகள் சில வெளுத்தன, சில வெளுக்கவில்லை. வெளுத்ததில் குடியிருந்த மீன்களின் உடலில் மன அழுத்தச் சுரப்பு கூடி, இனப்பெருக்கம் 73 விழுக்காடு சரிந்தது. வெளுக்காத சாமந்தியில் இருந்தவற்றுக்கு அப்படி இல்லை. ஒரே கடல், ஒரே வெப்பம், வீடு மட்டும் வேறு.

சந்தேகப்பிராணி ஐயா, வெப்பத்தையும் வாழிடத்தையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

#21 சந்தேகப்பிராணி

இது நல்ல சாட்சிதான். இயற்கையே ஒப்பீட்டுக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. மற்றபடி 'சுருங்கினால் பிழைக்கும்' என்பதில், திடமான மீன்தான் சுருங்கவும் முடிந்தது, பிழைக்கவும் முடிந்தது என்றும் இருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

#22 புறாமலை

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். சுற்றுலாப் பயணிகளை முகமூடி அணிவித்துக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலை. நீங்கள் யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லையே? உயிருள்ள திட்டில் தலையை நீருக்குள் விட்டதும் பொரிவது போலச் சடசடவென்று கேட்கும். இறாலும் மீனும் போடும் சத்தம். செத்த பக்கம் போனால் அது இல்லை. வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பதே காதுக்குள் தண்ணீர் போய்விட்டதா என்றுதான்.

#23 கடல்மாணவி

அக்கா, சரியான இடத்தைத் தொட்டீர்கள். பல மீன்களின் குஞ்சுகள் முதலில் திறந்த கடலில் மிதந்து வளரும். கரையேற இடம் தேடும்போது அந்தச் சடசடப்பைக் கேட்டுத்தான் வரும். லிசார்ட் தீவில் வெளுப்புக்கு முன்பும் பின்பும் ஒலியைப் பதிவு செய்தார்கள். பின்னதை ஒலிபெருக்கியில் போட்டபோது 40 விழுக்காடு குறைவான குஞ்சுகளே வந்து சேர்ந்தன. 2018இல் வெளியானது. அடுத்த ஆண்டு மாற்றிச் செய்தார்கள்: செத்த பவளத்தின் மேல் உயிருள்ள திட்டின் ஒலியைப் போட, நாற்பது நாளில் மீன்கள் இரட்டிப்பாயின.

#24 சந்தேகப்பிராணி

ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டு, வந்த குஞ்சுகளுக்குச் சாப்பாடு யார் போடுவது?

#25 புறாமலை

பாசி தின்னும் குஞ்சுகள் வந்தால் கல்லைச் சுத்தம் செய்யும், புதுப் பவளம் ஒட்ட இடம் கிடைக்கும். அதற்காவது உதவுமே.

#26 கடல்மாணவி

அதைத்தான் அந்த ஆய்வாளர்களும் எதிர்பார்க்கிறார்கள். பவளத்தை மட்டும் தின்கிற பட்டாம்பூச்சி மீனைக் கூப்பிட்டால் சந்தேகப்பிராணி ஐயா சொல்வதுதான் நடக்கும்.

சுத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சுத்தக்கார மீன் என்று ஒரு சிறிய இனம், பெரிய மீன்களின் மேல் உள்ள ஒட்டுண்ணியைத் தின்னும். உண்மையில் அதற்குப் பிடித்தது வாடிக்கையாளரின் உடல் வழுவழுப்பு. அதைக் கடித்தால் வாடிக்கையாளர் போய்விடுவார், அதனால் அடக்கிக்கொள்ளும். யாரை முதலில் கவனித்தால் யாரும் நழுவ மாட்டார்கள் என்று கணக்குப் போடும் கெட்டிக்காரத்தனமும் உண்டு. புயல்களுக்கும் 2016 வெளுப்புக்கும் பிறகு லிசார்ட் தீவில் இவற்றின் எண்ணிக்கை 80 விழுக்காடு விழுந்தது. மிஞ்சியவற்றைச் சோதித்தால், முன்பு தேறிய அதே கணக்கில் தோற்றன. கூட்டம் இல்லாத கடையில் வியாபார சாமர்த்தியம் வளர வழியில்லை என்பதாக அவர்கள் விளக்கினார்கள்.

#27 பார்க்காரன்

பாசி தின்னும் மீன் பவளத்துக்கு நல்லது என்று இத்தனை பேர் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அடுத்து, ஓராவையும் கிளி மீனையும் பிடிக்காதே என்று எங்களிடம்தான் வந்து நிற்பீர்கள். பவளத்தைச் சூடாக்கியது நாங்களா?

#28 நீலத்திரை

நீங்கள் இல்லை. ஆனால் கேள்வி வரத்தான் செய்யும். பெலீஸ் நாடு 2009இலேயே கிளி மீன் பிடிக்கத் தடை போட்டுவிட்டது.

#29 பார்க்காரன்

தடை போட்ட நாட்டில் மீனவனுக்கு வேறு என்ன கொடுத்தார்கள் என்று யாராவது படித்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் ஏற்கெனவே 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா, உள்ளே போகக் கூடாது. அதற்கு வெளியே உள்ள பாரில் களவாய் அலைகிறது, விளமீன் ஆழத்துக்குப் போகிறது. மிச்சம் இருப்பது ஓரா. ஓரா இல்லையென்றால் டீசல் காசு எங்கிருந்து வரும்?

#30 கடல்மாணவி

அண்ணா, முழுத் தடை ஒன்றுதான் வழி என்று நான் நினைக்கவில்லை. குஞ்சு ஓரா தப்பிக்கிற அளவுக்கு வலைக்கண்ணி, முட்டையிடும் காலத்தில் கொஞ்சம் விட்டுவைத்தல், இவற்றை உங்கள் ஊர்க்காரர்களே பேசி முடிவு செய்தால் நிலைக்கும். உங்கள் கரையில் ஓரா எந்த மாதம் சினையோடு வருகிறது, எந்தப் பாரில் கூடுகிறது?

#31 பார்க்காரன்

மாதம் சொல்கிறேன். பார் எது என்று இங்கே எழுத மாட்டேன், நூறு படகு வந்துவிடும். தனிமடலில் கேளுங்கள்.